முருங்கன் மைதானத்தில் அப்பா

வெள்ளவத்தை
23.08.2011

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னை முருங்கனில் கண்டதாகச் சந்தியோகு மாமா சொல்லியிருப்பார். உண்மைதான். இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அங்கே தம்பி லீனஸ் எங்கள் ஊர் அணிக்கு விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டு, மட்ச் பார்க்க வழியில் இறங்கினேன்.

முருங்கன்காரர் நின்ற பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. தம்பி இரண்டாவது கோலை அடித்ததும், எதிர்ப்பக்கத்தில் நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளினீர்கள்.

"என்ர பிள்ளை! அவன் என்ர பிள்ளை!"

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "ஆர் தம்பி அந்த ஐயா?"

"தெரியாது அண்ணை" என்றேன்.

அதே தாழ்வுபாட்டு அணிக்கு நானும் நாலு வருடம் விளையாடினேன். ஒரு நாளும் நீங்கள் பார்க்க வரவில்லை. அது சண்டைக் காலம். மீன்பிடிக்கக் கடலுக்குப் போக நேவி பாஸ் தருகிற நாளை உங்களால் விட முடியாது. அதெல்லாம் தெரிந்தும் வயிறு எரிந்தது, அப்பா. நாங்கள் வென்றோம். எல்லாரும் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் வீட்டுக்கு வராமல் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மாமா இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் பாரைக் கருவாடு கொடுத்துவிடுங்கள். முடிந்தால் நீங்களும் அவரோடு வாருங்கள். ஞாயிறு பின்னேரங்களில் என்னோடு கட்டட வேலை செய்யும் மேசன்மார் கடற்கரையில் பந்தடிப்பார்கள். நானும் விளையாடுகிறேன்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

மகன்,
கஸ்பார்