உறையின் மேல் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அடிலெய்டு குளிரில் உன் முழங்கால் வலி கூடிவிட்டதா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நான் நன்றாக இருக்கிறேன். இந்தப் பாலைவனப் பழங்குடி ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் ஊசி போட இப்போது நன்றாகப் பழகிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், பயந்துவிடாதே. என் பெயரே உள்ள ஊர்க்காரி ஒருத்தி இங்கே இருந்தாள். முதல் நாளே, "என் பேரைத் திருடிட்டு வந்தியாடி? சரி, பத்திரமா வச்சுக்கோ" என்று சிரித்தாள். போன வாரம் அவள் இதயம் நின்றுவிட்டது. கடைசிவரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது நான்தான்.

இறந்தவரின் பெயரை இங்கே யாரும் உச்சரிப்பதில்லை. அதே பெயருள்ளவர்களையும் அப்படி அழைப்பதில்லை. எங்கள் சுகாதாரப் பணியாளர் மரீட்டா என் பெயர் அட்டைமேல் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"இனிமே நீ குன்மனாரா. பேர் சொல்லக் கூடாதவங்களை எங்க பாஷையில அப்படித்தான் கூப்பிடுவோம். போய்ச் சேர்ந்தவளுக்கும் அதேதான்" என்றாள்.

இறந்தவளின் தங்கை நேற்று வாசலில் நின்று, "குன்மனாரா!" என்று கூப்பிட்டாள். "இதோ வரேன்" என்று ஓடினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. செம்மண் மேட்டைப் பார்த்து அக்காவைத்தான் மறுபடியும் கூப்பிட்டாள்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உறையின் மேல் 'மருத்துவ மாணவி' என்று மட்டும் எழுது. இங்கே தபால் வந்து சேரும் கடையில் பெயரை உரக்க வாசித்துத்தான் கொடுப்பார்கள். காலுறைக்குள் ஒரு காகிதத்தில் என் பெயரை எழுதி வை, அம்மா. பெரிதாக எழுது.

மரீட்டா தபாலுக்குக் கிளம்பிவிட்டாள். கடிதம் அவள் கையில் போவதால் கீழே பெயர் போடவில்லை.

உன் மகள்