இடது பக்கத்து டிரம்

மர்பி டவுன்,
பெங்களூர் கண்டோன்மெண்ட்,
9 ஜூன் 1946.

அன்புள்ள ரெமிஜியஸுக்குக் கிளாரன்ஸ் எழுதுவது.

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. பர்மாவில் இடது காலை விட்டுவிட்டுப் பூனா மிலிட்டேரி ஆஸ்பத்திரியில் மரக்காலுக்குக் காத்திருப்பவனிடம் அப்படிக் கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் வார்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு முதலில் அளவெடுத்தார்கள், உங்கள் முறை இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். குண்டு ஆள் பார்த்தா விழுந்தது? அளவெடுப்பதற்கு மட்டும் ஏன் ஆள் பார்க்கிறார்கள்?

இங்கேயும் அதே கதைதான். யுத்தம் முடிந்தது, யூனிஃபார்ம் தைத்த பெண்களையெல்லாம் டிப்போவிலிருந்து ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அல்போன்சாவும் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு பரவாயில்லை. உன் அம்மா தினமும் பூசைக்குப் போகிறார்கள்.

இனி நம் கார் விஷயம். நீ பட்டாளத்துக்குப் போகுமுன் நாம் கூரையை அறுத்து எறிந்த பழைய ஃபோர்டு அப்படியே ஷெட்டில் நிற்கிறது. எஞ்சினை நான் பிரித்துப் பூட்டிவிட்டேன். பின்பக்க ஆக்ஸில்தான் இல்லை. டிசம்பரில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் வைக்கிறார்கள். துரைமார் கிளப்பில் மெம்பராக இருக்கிறவன் பெயரில்தான் கார் கொடுக்க வேண்டுமாம். அந்தச் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொம்மலூர் பக்கம் பட்டாளத்துச் சாமான்களைக் கழித்துப் போடுகிற யார்டில் இரண்டு ஆக்ஸில் கிடைத்தன. ஒன்று ஆபீசர்கள் போன காருடையது. மற்றது எந்த வண்டியுடையது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நீ சொல்லிக் கொடுத்தபடி சக்கரம் மாட்டுகிற டிரம்மில் சாக்பீஸ் கோடு போட்டு, அது ஒரு சுற்று சுற்றும்போது எஞ்சினோடு சேர்கிற நடுத்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினேன். நாலுக்குக் கீழே வந்தால் ஓட்டம், மேலே போனால் மாட்டுவண்டி என்பாயே. பெயர் தெரியாத ஆக்ஸிலில் மூன்றேகால்தான் வந்தது! மற்றதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தள்ளுவண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அகலம்தான் இடித்தது. டிரம்முக்கு டிரம் அளந்தால் நம் சட்டத்தைவிடப் பக்கத்துக்கு நாலு அங்குலம் கூடுதல். அறுத்துக் குறைத்து, உள்ளே இருக்கிற தண்டையும் வெட்டிப் பல் போட வேண்டும். வெட்டிவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது. அதனால் மூன்று தரம் அளந்து கோடு போட்டுவிட்டு, இரும்பு ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் அல்போன்சா உன் கடிதத்தோடு ஷெட்டுக்கு வந்தாள். 'என்னை மறந்துவிட்டு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொள்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கடிதம். அவள் எனக்குத் தங்கை, உனக்கு நிச்சயம் செய்த பெண். அதனால் எனக்கு உன்மேல் இரண்டு பங்கு கோபம். அவள் அழவில்லை. ஆக்ஸிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படி அளந்தாய் என்று கேட்டாள். மறுபடி சுற்றிக் காட்டினேன்.

"அவரு இருந்தப்ப ஆளுக்கொரு பக்கம் ஸ்டூல் போட்டு உக்காந்து சுத்துவீங்க. இப்ப ஏன் ஒத்தைப் பக்கம் சுத்துற?" என்றாள்.

அதனால் என்ன என்றேன். நீயும் நானும் அப்படித்தான் செய்வோம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று நான் கேட்டதே இல்லை. கியரும் ஆக்ஸிலும் உன் இலாகா.

இடது டிரம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அவள் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி அதை விடுவித்தாள். உன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றினோம். நடுத்தண்டு ஆறரை சுற்று வந்தது.

லாரி ஆக்ஸில், ரெமி! அரிசி மூட்டை இழுக்கிற ஆக்ஸில். ஒரு பக்கம் இறுகிக் கிடக்க மறு பக்கத்தை மட்டும் சுற்றினால் உள்ளே இருக்கிற பல்சக்கரம் பாதிதான் திரும்பும், கணக்கும் பாதிதான் காட்டும் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அறுத்திருப்பேன். 'துப்பில்லாதவனே' என்று நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "இதை அப்படியே அவருக்கு எழுது" என்று மட்டும் சொன்னாள்.

எழுதிவிட்டேன்.

அப்பா தபாலாபீஸ் மாப்பிள்ளை ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறார். உங்கள் கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்க வேண்டாம் என்று நீ எழுதிய கடிதத்தைச் சாமியார் அவரிடம் காட்டினாராம். நேற்று அல்போன்சா தனியாகப் போய், நீ நேரில் வந்து சொல்லும்வரை ஓலையைக் கிழிக்கக் கூடாது என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் பெரிய ரகளை. நான் அவள் பக்கம்.

கார் ஓட்ட இடது கால் கிளச்சுக்குத்தான் வேண்டும். அதைக் கைக்கு மாற்றிவிட்டேன், கியருக்குப் பக்கத்திலேயே ஒரு லீவர். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வலது கால் போதும். உன் மேல் பரிதாபப்பட்டு இதைச் செய்யவில்லை. உன்னைப்போல் வளைவில் திருப்ப எனக்கு வராது.

லாரி ஆக்ஸிலைக் கொடுத்துவிட்டு ஆபீசர் கார் ஆக்ஸிலை வாங்கி வந்துவிட்டேன். ஷெட்டில் இருக்கிறது, இன்னும் அளக்கவில்லை. வலது பக்கம் நான் உட்காருவேன். இடது பக்கத்துக்கு வா என்று அல்போன்சாவைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. உன் ஸ்டூலைத் துடைத்து அங்கே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மரக்காலுக்கு அவர்கள் அளவெடுக்கிறபோது எடுக்கட்டும். கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டாவது வந்து சேர். எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு ஜட்காதான் கொண்டுவர முடியும். நம் காருக்குத்தான் இன்னும் ஆக்ஸில் மாட்டவில்லையே.

மாதா உன்னைக் காப்பாளாக.

உன் மைத்துனன்,
கிளாரன்ஸ்.