ஜெப அறையில் மல்லாட்டை

கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டில் இருக்கும் என் பிரியமானவளுக்கு,

தபால்காரர் எழுதித் தருகிறார். அதனால் நம் சண்டையைப் பற்றி இதில் சொல்லவில்லை. விலை ஏறட்டும் என்று வேர்க்கடலையை விற்காமல் ஜெப அறையில் நான் அடுக்கிய மல்லாட்டை மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. "முழங்கால் போட இடமில்ல. இனிமே மூட்டையையே கும்பிடுய்யா" என்று சொல்லி நீ பஸ் ஏறினாய்.

நமக்குக் கல்யாணமான வருசம் பஞ்சம். ஒரு மூட்டைகூட இல்லாத அதே அறையில் ஜெபித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

நேற்று விலை ஏறியது. இன்னும் ஏறுமா என்று மண்டிக்கு மூன்று தடவை நடந்தேன். ஜெபிக்க நின்றால் வாயில் கர்த்தர் பெயர் வரவில்லை, விலைதான் வந்தது. பயந்துபோனேன்.

சனிக்கிழமை வண்டி வரச் சொல்லியிருக்கிறேன். கிடைத்த விலைக்குப் போட்டுவிடலாம், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

"அடுத்த வாரம் இன்னும் ஜாஸ்தியாகும், அவசரப்படாதீங்க பெரியவரே" என்கிறார் தபால்காரர். நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு. நீ இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கைநாட்டு வைக்கும்
உன் வீட்டுக்காரன்