பழைய அளவில் தைத்த சட்டை

மார்ச் 3

அன்பு வாயாடிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் சுகம், உன் அம்மா சுகம், தையல் மெஷின்தான் வயசாச்சுன்னு முனகுது. மார்பு ஆபரேஷன் முடிஞ்சு நீ அங்கே வேலைக்குப் போக ஆரம்பிச்சதைக் கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். என் மருமகள் அந்த வியாதியைக் காதைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாள், பெரிய டாக்டரே எழுந்து நின்னு கைதட்டினார்னு. தட்டினாரா இல்லையான்னு நீ எழுத வேண்டாம்.

சட்டைக்கு நீ எழுதின புது அளவைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இடது பக்கம் அவ்வளவு குறையாது, கையும் அவ்வளவு தடிக்காது. டேப்பைக் கோணலாப் பிடிச்சிருப்பே. பாதி ஊரோட உடம்பு என் தலைக்குள்ள இருக்கு, எனக்கு நீ அளவு சொல்றியா? பழைய அளவிலேயே மூணு தைச்சு அனுப்பியிருக்கேன். போட்டால் மந்திரி வீட்டுப் பெண் தோத்துடுவாள்.

உன் மாமா

ஏப்ரல் 9

அன்புள்ள மாமா,

சட்டைகள் வந்தன. இடது கை முழங்கைக்கு மேல ஏறலை. அக்குள்ல கத்தி வச்சதிலேருந்து கை வீங்கியே இருக்கு. மார்புல ஒரு பக்கம் காலிப் பை மாதிரி தொங்குது. டேப்பை நேராத்தான் பிடிச்சேன் மாமா.

இங்கே ஆஸ்பத்திரியில என்னை மாதிரிப் பெண்கள் மாசம் ஒருமுறை ஒண்ணா உட்காருவோம். ஆளுக்கொரு தேசம். உங்களுக்கு எது முக்கியம்னு நர்ஸ் கேட்டாள். பிள்ளை வளர்ற வரைக்கும் இருக்கணும்னாள் ஒருத்தி. வேலை போகக் கூடாதுன்னாள் இன்னொருத்தி. ஒரு கிழவி, புருஷன் திரும்பிப் படுக்காம இருந்தாப் போதும்னு எல்லாரையும் சிரிக்க வச்சுட்டு அவளே அழுதாள். இப்ப இருக்கிற உடம்புக்கு ஒருத்தர் சட்டை தைச்சுத் தரணும்னு நான் சொன்னேன்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு ஊருக்குச் சொல்லாதீங்க. ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னாலயும் எனக்குச் சாப்பாடு இறங்கறதில்லை. அதை யார்கிட்ட சொல்றது? நீங்கதான் கைதட்டி முடிச்சிட்டீங்களே.

உங்கள் வாயாடி

மே 2

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், பாதியை விட்டுட்டு. என் கையால தைச்ச சட்டை இதுவரை திரும்பி வந்ததில்லை. சரி, முன்னாடி ரெண்டு வந்திருக்கு. கோபத்தில் மத்தியானமே கடையைச் சாத்திட்டேன்.

அப்புறம் உன் அளவைத் துணியில் கோடு போட்டேன். போட்டு முடிச்சப்புறம்தான் உனக்கு என்ன ஆயிருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது. ரெண்டு நாள் கத்தரிக்கோல் எடுக்கக் கை வரலை.

கையைத் தாராளமா விட்டிருக்கேன். உள்ளே மெல்லிசா ஒரு பை இருக்கு. பஞ்சு வைக்கணும்னா வை, வேண்டாம்னா விடு. தழும்பு மேல ஒரு தையலும் படாது. இந்த வெட்டை உலகத்தில் எவனும் வெட்டலை, ராணிகளெல்லாம் வரிசையில் நிக்கப் போறாங்க. யாராவது உன்னைக் கேட்டால், இருக்காள், பயந்துட்டுதான் இருக்காள்னு மட்டும் சொல்றேன். ஒண்ணும் சேர்க்கலை, நம்பு.

இன்னும் நாலு சட்டைக்குத் துணி எடுத்து வச்சிருக்கேன்.

உன் மாமா

ஜூன் 11

அன்புள்ள மாமா,

சட்டை சரியா இருக்கு. பொத்தானைப் போட்டுட்டு ரொம்ப நேரம் கண்ணாடி முன்னால நின்னேன். கூட்டத்துக்கும் அதைத்தான் போட்டுட்டுப் போனேன். கிழவி தையலைத் தடவிப் பார்த்துட்டு, உன் மாமா விலாசத்தைக் கொடு, புருஷனை விட்டுட்டுப் போயிடறேன்னாள். ஒரு ராணி வரிசைக்கு வந்தாச்சு.

போன வாரம் பரிசோதனை. வலது பக்கமும் ஏதோ இருக்காம். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.

அந்த நாலு துணியை இப்ப வெட்டாதீங்க மாமா. அளவு அப்புறம் எழுதறேன்.

உங்கள் வாயாடி