தியேட்டருக்குப் பின்னால்

செப்டம்பர் 22, திங்கள்

விடியலிலிருந்து மழை. புதுக் கடை திறந்தாயிற்று. பின்சந்து, முதல் மாடி. மூன்று தையல் மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, கிறீச்சிடும் ஃபேன். என் பழைய கடைக் கட்டடத்தை இடித்த இடத்தில் நீலத் தகரத் தடுப்பு. நாற்பது மாடி கொண்டோ குடியிருப்பு வரப்போகிறதாம். பிரிக்ஃபீல்ட்ஸ்காரிகள் பாதிப் பேருக்கு நான்தான் கல்யாண ரவிக்கை தைத்தேன், அதே இடத்தில்.

மாலை மகள் கவிதா பி.ஜே. வீட்டிலிருந்து போன். "அம்மா, தீபாவளி சீசன்லயே ஆள் வரலன்னா அப்புறம் எப்ப வருவாங்க? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லன்னா மூடிட்டு எங்ககூட வந்துருங்க லா."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். அங்கே போய் என்ன செய்வது? அவள் மாமியாரோடு உட்கார்ந்து நாள் முழுக்க சீரியல். கடவுளே.

23, செவ்வாய்

வெயில். ஒரு ஈ காக்கை இல்லை. மகள் க. அச்சடித்துத் தந்த நோட்டீஸ் தகரத்தில் ஒட்டித்தான் இருக்கிறது. லோரோங் என்கிற சந்து நம்பர், கொண்டோ பெயர், போனைக் காட்டினால் மேப் திறக்கும் கட்டம். பார்க்க அழகு.

வாங்க: கருப்பு நூல், ஹூக், மெஷின் எண்ணெய், கொசுவத்தி.

25, வியாழன்

நேற்றும் சும்மா. எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

இன்று ஹூக் வாங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நீலத் தகரத்தின் முன்னால் ஐந்தாறு பெண்கள், கையில் துணிப் பை, தகரத்தையே பார்த்துக்கொண்டு. அத்தனை பேரும் என் வாடிக்கை! ரிட்டையர்ட் டீச்சர் பரமேஸ் ஆன்டி என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"எங்கடி போயிட்ட? கடையோட சேத்து உன்னையும் இடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்!"

"நோட்டீஸ்ல போட்டிருக்கே ஆன்டி."

"லோரோங் நம்பரெல்லாம் யாருக்கு லா தெரியும்? எங்கன்னு சொல்லு."

"தியேட்டருக்குப் பின்னால, மாடியில."

"அப்படிச் சொல்லித் தொலையேன்!"

தியேட்டரை இடித்து எத்தனையோ வருஷம். அங்கே இப்போது ஹோட்டல். ஆனாலும் இந்த ஊரில் யார் வழி சொன்னாலும் இடித்ததை வைத்துத்தான் சொல்வோம். நானும் அப்படித்தான். என் கடைக்கு மட்டும் எப்படி மறந்தேன்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடந்தேன். பின்னால் ஊர்வலம். இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸ், எங்கப்பா வீடு, என்றது ஒரு குரல். அதுக்கும் முன்னால செங்கல் சூளை லா, என்றார் ஆன்டி. தலைக்கு மேலே மோனோரயில் போனது, ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு ரவிக்கைக்கு ஆர்டர்!

26, வெள்ளி

மார்க்கர் பேனாவால் நானே எழுதித் தகரத்தில் ஒட்டினேன்: 'தியேட்டருக்குப் பின்னால். மாவு மில் இருந்த மாடி.'

தகரத் தடுப்பு வாசல் காவலாளி நேபாளக்காரர், இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான். சுற்றுமுற்றும் தேடிவிட்டு, "காக், தியேட்டர் மானா?" என்றார். அக்கா, தியேட்டர் எங்கே என்று மலாயில் கேட்டால் என்ன சொல்ல? ஹோட்டலைக் காட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாலைக்குள் பதினோரு பேர். க.வுக்குச் சொல்லவில்லை. ஞாயிறு வரட்டும்.

28, ஞாயிறு

மேகமூட்டம். சாப்பிடவில்லை, உட்காரவில்லை. படிக்கட்டு முழுக்க ஆள். அத்தனை தூரம் கிள்ளானிலிருந்துகூட வந்திருக்கிறார்கள். ஜெயித்துவிட்டேன் லா, ஜெயித்துவிட்டேன்!

மூன்று மணிக்கு க. போன். "அம்மா, மேப் வேற எங்கயோ காட்டுது. எங்க வரணும்?"

"நீலத் தகரத்துக்கிட்ட நிக்கிற காவலாளிகிட்டக் கேளு."

போனை அவள் வைக்கவில்லை. அவர் சொன்னது எனக்கே கேட்டது: "பெலாகாங் தியேட்டர், காக்!" தியேட்டருக்குப் பின்னால் என்று அந்த மனுஷனே வழி சொல்கிறார்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

பத்து நிமிஷத்தில் கீழே வந்து நின்றாள். மேலே ஏற வழியில்லை. கையில் ரவிக்கை தைக்கப் பட்டுத் துணி, சொல்லவே இல்லை கள்ளி.

"அம்மா, நான் லா! கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க!"

மாடியிலிருந்தே கத்தினேன். "தீபாவளிக்கு வேணும்னா லைன்ல நில்லு!"

நின்றாள்.