கோவை மாதவனின் கடிதங்கள்

ஜூன் 9, 2013. மார்த்தாண்டம்

மழை. ‘ஈரமணல்’ இதழ்களை ஸ்கேன் செய்து முடித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்காக யேசுரத்தினம் மாமா தன் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே அடித்த இதழ். பழைய அச்சைக் கம்ப்யூட்டரால் வாசிக்க முடியவில்லை. வாசகர் கடிதங்களை நானே தட்டச்சு செய்கிறேன்.

மாமா எட்டிப் பார்த்தார். “நான் ஒளிச்சி ஒளிச்சி அடிச்சத நீ ஃபேனப் போட்டுட்டு அடிக்கியா?”

ஜூன் 23

யார் எந்தச் சொல்லை எவ்வளவு எழுதுகிறார் என்று எண்ணி, ஒத்த நடைகளைச் சேர்க்கும் கம்ப்யூட்டர் நிரலை ஓட்டினேன். சென்னை, மதுரை, கோவை வாசகர்கள் எல்லாரும் திரையில் ஒரே இடத்தில் குவிந்தார்கள். தப்பென்று மறுபடி ஓட்டினேன். அதே குவியல். நடுவில் மாமாவின் தலையங்கங்கள்.

கோவை மாதவன் மரச்சீனிக்கிழங்கு தின்கிறான். மரவள்ளியைக் கோவையில் யார் அப்படிச் சொல்வார்கள்? அது எங்கள் ஊர்ச் சொல்.

ஜூன் 24

எல்லாம் அவரே எழுதியதா என்று மாமாவிடம் கேட்டேன். சிரித்தார். “பின்ன? ஆளில்லாத சபையில ஆரு வந்து இருப்பா? மொதல்ல கொஞ்சம் பேர நானே இருத்தினேன்.”

பிறகு சிரிக்கவில்லை. “வெளிய சொல்லிராத மக்கா. மரியஜான் இருக்கான்லா.”

மரியஜான் அண்ணனுக்கு மணவாளக்குறிச்சியில் மீன் வியாபாரம். இதழ் வழியாக மாதவனுக்கு வருடக்கணக்கில் எழுதியவர். மாதவனும் பதில் எழுதினான். அவன் பெங்களூர் போய்விட்டான் என்று இன்னமும் நம்புகிறார்.

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 30. சென்னை

கருத்தரங்கு. சொல்லிவிட்டேன். “வாசகர் கூட்டமே ஒரே ஆள்தான்.” அரங்கம் சிரித்தது. நானும். மாதவனின் பெயரைத் திரையில் பெரிதாகக் காட்டினேன்.

கைதட்டல் பிடித்திருந்தது.

செப்டம்பர் 2

வீடியோவை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 15

மரியஜான் அண்ணன் போன் செய்தார். “எங்க அம்ம செத்தப்போ எனக்கு எழுதுனது ஆரு?”

“அண்ணே, அது...” என்று ஆரம்பித்தேன்.

“நீ சிரிச்சது நல்லா இருந்துலே.” வைத்துவிட்டார்.

ஏன் சொன்னேன்? ஆராய்ச்சி, உண்மை — மண்ணாங்கட்டி. உண்மைதான் வேணும்னா அவருகிட்டல்லா மொதல்ல போய்ச் சொல்லியிருக்கணும்? முன்னால இருந்தவன் கை தட்டணும். அவ்வளவுதான்.

அக்டோபர் 6. மார்த்தாண்டம்

மாமா திட்டுவார் என்று போனேன். திட்டியிருக்கலாம். சோறு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மீன் எப்போதும் மரியஜான் அண்ணன்தான் கொண்டுவருவார்.

“இன்னைக்கு முட்டதான். தின்னு.”

தின்றேன். தலை நிமிரவில்லை.

டிசம்பர் 11

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: 377-ஆம் பிரிவு செல்லும். நாங்கள் மறுபடியும் குற்றவாளிகள்.

மாமா கூப்பிட்டார். “மரியஜான்கிட்ட ஒண்ணு பேசு மக்கா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். பயப்படாத, நீ ஒத்தைக்கு இல்லன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார்.

“பயப்படாதீங்க அண்ணே. நீங்க ஒத்தைக்கு இல்ல.”

அவருக்குப் பின்னால் கடல் இரைச்சல்.

“ஏலே, இது நீ சொல்லுகதா, அவரு எழுதித் தந்ததா?”

நான்தான் என்றேன்.