கூண்டைக் கழற்றியவளுக்கு

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் உன் மகன் திறந்திருக்கும் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய பலகை: 'கூண்டில் அடைக்காத கோழி முட்டை.' உள்ளே நாற்காலியில் உன் வீட்டுக்காரர். வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாங்க முடிச்சூர்ல அந்தக் காலத்துலயே கோழிய கூண்டுல போடாமத்தான் வளத்தோம். வாயில்லா ஜீவன், பாவம் இல்லையா?" கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எண்பதுகளின் கடைசியில் நான் உனக்கு ஓரகத்தியாக அந்த வீட்டுக்கு வந்தேன். கோழிப்பண்ணை அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. வேலை நம் இருவர் தலையிலும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நீளமான ஷெட், வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், சிறகு விரிக்க இடமில்லாமல் கோழிகள். இட்ட முட்டை உருண்டு முன்னால் வரும். நாம் பொறுக்கி அட்டையில் அடுக்குவோம். செத்த கோழியை எடுக்கும்போது அதன் நகம் கம்பியைச் சுற்றி வளைந்திருக்கும். நீ ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்; நீ மாட்டாய்.

ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்த வரிசை ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. புதுக் கூண்டுக்கு வழியில்லாமல் உன் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கவே வேணாம். தரைல உமியப் போட்டு வுட்ருங்க. நான் பாத்துக்கறேன்" என்றாய்.

"நீ பாத்துக்குவியா? இது பண்ணையா, உங்க அம்மா வூடா?" என்று சிரித்தார். வேறு வழி இல்லாததால்தான் விட்டார், இரக்கத்தால் அல்ல. இதை நான் யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

இறக்கிவிட்ட கோழிகளுக்கு நடக்கத் தெரியவில்லை. விட்ட இடத்திலேயே நின்றன. "இன்னாடி இது, தரையப் பாத்து பயப்படுது" என்று சிரிக்கப் பார்த்தாய், சிரிப்பு வரவில்லை. பொழுது சாய்ந்ததும் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்தன. செத்தவற்றை உன் காலடியில் கொண்டுவந்து போட்டார் உன் வீட்டுக்காரர். நீ மூலைகளைத் தகரத்தால் வளைத்து மறைத்தாய். ஆப்பிள் பெட்டிகளில் வைக்கோல் போட்டு முட்டையிட இடம் செய்தாய். காலையும் மாலையும் உமியைக் கிளறி, ஈரம் கண்ட இடத்தில் சுண்ணாம்பு தூவினாய்.

ஒருநாள் மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். வெயில் விழுந்த இடத்தில் ஒரு கோழி, உமியை வாரித் தன்மேல் இறைத்துக்கொண்டு, ஒரு சிறகை முழுசாக நீட்டிப் படுத்திருந்தது.

"பாருடி, குளிக்குது! யாருடி சொல்லிக்குடுத்தாங்க இதுக்கு?"

அன்றைக்கு உன் முகம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுத்த வருஷத்துக்குள் மீதிக் கூண்டுகளையும் கழற்ற வைத்தாய். முட்டை கொஞ்சம் குறைந்தது. அழுக்கானதை நாம் உட்கார்ந்து துடைத்தோம். ஆனால் முன்னைப்போல் கோழி சாகவில்லை.

அப்புறம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். நீ இல்லாத சமயம் பார்த்து முட்டை மண்டிக்காரர் வந்தார். "அழுக்கு முட்டைய எவன் வாங்குவான்? கூண்டு நான் எறக்கறேன், முட்டைய எனக்கே போடு." புதுக் கூண்டுகளோடு லாரியும் வந்தது. "அக்கா வரட்டும், ஒரு வார்த்தை கேளுங்க" என்று நான் ஷெட் வாசலில் நின்று கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்துப்போனார்.

"அவளாண்ட இன்னா கேக்கறது? பண்ணை அவ பேர்லயா கீது?" என்றார் உன் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியவள் வயிற்றைப் பிடித்தபடி நேராக ஷெட்டுக்குப் போனாய். கோழிகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, கீழே தரையைப் பார்த்து எக்கிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் அவை அப்படி எக்கியதில்லை. "தெரியாமயே இருந்திருக்கும்டி. நான்தான் காட்டிக் கெடுத்துட்டேன்" என்றாய். அதன்பின் நீ ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. முட்டையும் தொடவில்லை.

உன் வேலையையும் சேர்த்து என்னைச் செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தொண்ணூறுகள் முடிவதற்குள் பண்ணை மனைகளாக விற்றுப்போனது. நீ அதற்கும் முன்பே போய்விட்டாய். சாவுக்கு வந்தவர்கள் "அமைதியான பொம்பள" என்று சொல்லி அழுதார்கள். எப்போதிலிருந்து அமைதியானாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"கோழிக்காகவா இத்தனை வருஷம் மனசுல வெச்சிக்கினு கீற? மன்னிச்சி வுடு, அண்ணனுக்கும் வயசாயிடுச்சி" என்கிறார் என் வீட்டுக்காரர். நல்லது கெட்டதுக்குப் போகிறேன். உன் வீட்டுக்காரருக்குச் சோறு போடுகிறேன், கேட்டால் பதில் சொல்கிறேன். மன்னிப்பு மட்டும் வரவில்லை. அது நீ கொடுக்க வேண்டியது, அக்கா. நீ கொடுக்காமல் போனதை நான் எப்படி எடுத்துக் கொடுப்பேன்?